சுருட்டும் சுங்கானும்

திருவொற்றியூரில் புகையிலை விளைவதில்லை. ஆனால் புகைக்கத் தேவையான மற்றதெல்லாம் இந்த ஊரில் தயாராகியிருக்கிறது. 1923-இல் ஸ்வீடன்காரர்கள் தொடங்கிய விம்கோ கம்பெனியின் தீப்பெட்டி ஆலை இங்கே இருந்தது. 2021-இல் மெட்ரோ ரயில் வந்தபோது கடைசி நிலையத்துக்கு அந்தப் பெயர்தான் கிடைத்தது. சிகரெட் பெட்டிக்கான அட்டையை அச்சடிக்கிற ஐ.டி.சி. ஆலையும் இதே ஊரில்தான். நெருப்பும் உறையும் உள்ளூர், இலை மட்டும் வெளியூர்.

அந்த இலை வடசென்னைக்கு இரண்டு வழியாக வந்தது. ஒன்று தரைவழி. திண்டுக்கல், வேடசந்தூர்ப் பக்கத்து இலை உறையூரில் சுருட்டாகி, கட்டுக் கட்டாக வண்டியேறி வந்தது. இன்னொன்று கடல்வழி. கப்பல்காரர்களின் பெட்டியில் டப்பாவாகவும் பையாகவும், வனிலா, செர்ரி, ரம் வாசனையோடு பைப் புகையிலை வந்து இறங்கியது. அந்தக் காலத்துப் பெரியவர்கள் பைப்பைச் சுங்கான் என்பார்கள். இரண்டும் ஒரே செடியின் இலைதான். ஆனால் ஒன்றைப் பிடிப்பவர் மற்றதைத் தொடுவது அபூர்வம். நான் சுருட்டுக் கட்சி. வாசனை போட்ட புகையிலை என்றால் முகம் சுளிக்கிற கூட்டத்தைச் சேர்ந்தவன். அப்படிப்பட்டவனுக்கு ஒரு வனிலாப் புகையிலை பிடித்துப்போனால் அது ஏன் என்று யோசிக்காமல் இருக்க முடியுமா? இந்த ஒப்பீடு அங்கிருந்து பிறந்ததுதான்.

முதலில் சுருட்டு. திருச்சிச் சுருட்டு பார்வைக்கு எடுப்பானதல்ல. கியூபாக்காரன் சுருட்டுக்கு ஒரு மூடிய தலை உண்டு, அதை வெட்டுவதற்கென்றே கத்தரி உண்டு. நம் சுருட்டு இரண்டு பக்கமும் வெட்டுப்பட்டே வரும். எந்தப் பக்கமும் வாயில் வைக்கலாம், எந்தப் பக்கமும் கொளுத்தலாம். வெளி இலையின் நரம்பு விரலுக்குத் தட்டுப்படும். நிறம் காய்ந்த ரத்தத்துக்கும் கருப்பட்டிக்கும் இடைப்பட்டது. ஷெர்லக் ஹோம்ஸ் கதைகளில் முதலாவதான 'எ ஸ்டடி இன் ஸ்கார்லெட்' 1887-இல் வந்தது. அதில் தரையில் கிடந்த சாம்பலைப் பார்த்தே இது திருச்சிச் சுருட்டு என்று ஹோம்ஸ் சொல்லிவிடுவார். லண்டனில் ஒரு துப்பறிவாளனுக்குத் தெரிந்த சாம்பல், தயாரான மாநிலத்தில் இன்று எத்தனை பேருக்குத் தெரியும் என்பது வேறு கதை. சர்ச்சில் விரும்பிப் பிடித்தார் என்றும் திருச்சியில் சொல்வார்கள். அவர் பிடிக்காத சுருட்டு என்று எந்த ஊர்தான் ஒப்புக்கொண்டது!

சுருட்டின் குணம் இலையிலேயே முடிவாகிவிடுகிறது. வெயிலிலும் காற்றிலும் உலர்ந்த இலையைப் போர் போட்டு மூட்டம் வைப்பார்கள். உள்ளே சூடேறும். சூடு எல்லை தாண்டுவதற்குள் போரைக் கலைத்து, உள்ளிருந்ததை வெளியிலும் வெளியிலிருந்ததை உள்ளேயும் வைத்து மறுபடி அடுக்குவார்கள். இலையின் புரதம் சிதைந்து அம்மோனியாவாக வெளியேறுவது இந்தக் கட்டத்தில்தான். அவசரப்பட்டு மூட்டத்தைப் பிரித்த இலையில் செய்த சுருட்டைப் பற்றவைத்தால் அந்த நெடி மூக்கின் அடியில் குத்தும். எண்ணூர்க்காரனுக்கு இதைப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 2023 டிசம்பர் 26 நள்ளிரவில் பெரியகுப்பத்துக் கடலோரக் குழாயில் அம்மோனியா கசிந்து, தூக்கத்தில் இருந்த சனம் வீதிக்கு ஓடி வந்தது. அந்த நெடியைக் கொஞ்சமாக, தெரிந்தே, காசு கொடுத்து வாங்கி வாயில் வைக்கிறோம் என்பதை நினைத்தால் மனித நாக்கு விசித்திரமான உறுப்புதான்.

சுருட்டுப் புகை வேதியியல் கணக்கிலும் காரம்தான். காரப் புகையில் உள்ள நிகோட்டின் வாயின் உட்தோல் வழியாகவே ரத்தத்தில் ஏறிவிடும். சிகரெட்டின் புகை அமிலப் பக்கம் சாய்ந்தது, நெஞ்சுக்குள் இழுத்தால்தான் அதற்கு வேலை. அதனால் சுருட்டுக்காரன் இழுப்பதில்லை, வாயில் நிறுத்தி விடுகிறான். முதல் கால் பங்கில் மண்வாசனை, நடுவில் மிளகின் உறைப்பு, கடைசிக்கு முன்பு ஒரு கசப்பு. அந்தக் கசப்பு வந்ததும் எறிந்துவிட வேண்டும். எறியாதவருக்குத் தலை சுற்றும்.

இனி பைப் புகையிலை. இதிலேயே இரண்டு சாதி உண்டு. வாசனை சேர்க்காதவை ஒரு வரிசை. தன் சர்க்கரையாலேயே இனிக்கும் வர்ஜீனியா, சைப்ரஸ் பக்கத்தில் விறகுப் புகையில் உலர்த்தும் லட்டாக்கியா, அமெரிக்காவின் லூசியானாவில் பீப்பாயில் அழுத்திப் புளிக்கவைக்கும் பெரீக் எல்லாம் அதில் சேரும். சுருட்டுக்காரன் பைப்புக்கு மாறினால் இயல்பாக இந்த வரிசைக்குத்தான் போவான். மற்றது வாசனை வரிசை. அதற்கு அடிப்படை பெரும்பாலும் பர்லி இலை. பர்லியில் சர்க்கரை இல்லை என்றே சொல்லலாம். இலை லேசானது, நுண்துளைகள் நிறைந்தது. டீக்கடை பன் டீயை உறிஞ்சுகிற மாதிரி ஊற்றியதையெல்லாம் உள்ளே வாங்கிக்கொள்ளும். அதோடு நீராவியில் வேகவைத்து அழுத்திக் கறுப்பாக்கிய கேவண்டிஷ் சேரும். அந்த வேக்காட்டிலேயே இலையின் காரம் பாதி போய்விடும்.

வாசனை ஊற்றுவதும் இரண்டு கட்டம். இலையை வெட்டுமுன் சர்க்கரைப் பாகு, லிக்கரைஸ், கோக்கோ போன்றவற்றில் ஊறவைப்பது முதல் கட்டம். இது இலையின் கடுமையைத் தணிக்க. வெட்டிய பிறகு மேலாக வனிலாவோ செர்ரியோ ரம்மோ தெளிப்பது இரண்டாவது. இது மூக்கை இழுக்க. இதற்கான வனிலா பெரும்பாலும் கொடியில் காய்த்ததல்ல. 1874-இல் ஜெர்மனியில் ஆய்வகத்தில் செய்யக் கற்றுக்கொண்ட வனிலின் என்ற பொடிதான். இத்தனையும் காய்ந்துபோகாமல் இருக்க புரொப்பிலீன் கிளைக்கால் சேர்ப்பார்கள். டப்பாவைத் திறந்தே வைத்தாலும் விரலில் பிசுபிசுக்கும் ஈரம் அதனால் வருவது.

இவையெல்லாம் நான் வளர்ந்த ராயபுரத்துக்கு எப்படி வந்தன? துறைமுகம் இருக்கும் இடத்தில் இந்தக் கேள்வியே அனாவசியம். கப்பலில் வேலை பார்த்தவன் வீட்டுக்கு வருகையில் தீர்வையில்லாக் கடையில் வாங்கிய ஒரு டப்பாவோடு வருவான். 1960-களின் இறுதியில் பர்மாவிலிருந்து திரும்பியவர்களுக்காக ராஜாஜி சாலையில் பர்மா பஜார் முளைத்த பிறகு, வெளிநாட்டுச் சரக்கு எதுவும் கைக்கெட்டாத தூரத்தில் இல்லை. பிந்தைய கணக்கு இன்னும் எளிது. 2016-ஆம் ஆண்டின் பயணிகள் உடைமை விதிப்படி வெளிநாட்டிலிருந்து வந்தவர் 100 சிகரெட், அல்லது 25 சுருட்டு, அல்லது 125 கிராம் புகையிலை தீர்வையின்றிக் கொண்டுவர முடிந்தது. பைப் புகையிலை டப்பா வழக்கமாக 50 கிராம். இரண்டு டப்பா வாங்கியவன் மூன்றாவதைப் பார்த்துப் பெருமூச்சு விடும்படி எழுதிய விதி.

எனக்கு வாய்த்தது அப்படி வந்த ஒரு பை, கேப்டன் பிளாக். அமெரிக்க வாசனைப் புகையிலைகளிலேயே பரவலாகத் தெரிந்த பெயர். கொடுத்தவர் துறைமுகத்தில் இழுவைக்கப்பலில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்ற நண்பர். மகன் கப்பலில் இருக்கிறான், அவன் கொண்டுவந்தது. "வாத்தியாரே, உன் சுருட்ட கொஞ்ச நேரம் ஓரமா வையி" என்று ஒரு பழைய பிரையர் பைப்பையும் கையில் கொடுத்தார். பிரையர் என்பது மத்தியதரைக் கடற்கரையில் வளரும் ஒரு புதரின் வேர்க்கட்டை. சூட்டுக்கு எளிதில் கருகாது.

பைப்பை நிரப்புவதற்கு ஒரு பழைய பாடம் உண்டு. அடியில் குழந்தை விரலால் அழுத்து, நடுவில் பெண் விரலால் அழுத்து, மேலே ஆண் விரலால் அழுத்து என்பார்கள். முதல் தீக்குச்சி வீண். மேலே இருக்கும் இழைகள் சுருண்டு எழும்பிக் கருகி அணையும். அதை மெல்ல அழுத்திவிட்டு இரண்டாவது குச்சி கிழிக்க வேண்டும். அதன் பிறகும் ஈரமான வாசனைப் புகையிலை ஒழுங்காக எரியாது. கிண்ணத்தின் அடியில் நீர் கோத்துக்கொண்டு களகளவென்று சத்தம் போடும். மூச்சை வேகமாக இழுத்தால் நீராவி நாக்கைச் சுடும். பைப் பிடிப்பவர்கள் நாக்கைக் கடிக்கிறது என்று சொல்வது இதைத்தான். இந்த வகையில் சுருட்டு எவ்வளவோ மேல். காசிமேட்டு அலைதடுப்புக் கல்லின் மேல் நின்றுகொண்டு, கடற்காற்று முகத்தில் அறைந்தாலும் சுருட்டு தன் பாட்டுக்குப் புகைந்துகொண்டிருக்கும். காற்றுக்கு மறைவாகக் கை குவித்து ஒருமுறை பற்றவைத்தால் போதும். பைப்பை அங்கே கொண்டுபோனால் காற்றே அதை ஊதி ஊதி எரித்துவிடும். கிண்ணம் கையைச் சுடும், வாசனை எல்லாம் பத்து இழுப்பில் ஆவியாகிப் போகும். கட்டுமரத்தில் போகிறவன் கையில் ஏன் பீடியோ சுருட்டோ இருந்தது, பைப் ஏன் இல்லை என்பதற்குக் காசு மட்டும் காரணமல்ல. வாசனைப் பைப்புக்கு நான்கு சுவரும் ஒரு நாற்காலியும் வேண்டும், அவசரமே இல்லாத ஒரு மாலை வேண்டும்.

மழைக்காலத்தில் இரண்டும் தொல்லைதான். சுருட்டு பூசணம் பிடிக்கும், பைப் புகையிலை பற்றவே மறுக்கும். இதில் யாருக்கும் வெற்றியில்லை.

நண்பர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பிடித்தோம். முதல் ஐந்து நிமிடம் வனிலா தெரிந்தது. ராயபுரத்தில் வளர்ந்தவனுக்கு வனிலா என்றால் ஐஸ்கிரீம், அதைத் தாண்டி ஒன்றும் நினைவுக்கு வராது. வாயில் புகை, மூக்கில் ஐஸ்கிரீம், வேடிக்கையாகத்தான் இருந்தது. அப்புறம் வனிலா காணாமல் போய்விட்டது. நாக்கில் மிஞ்சியது லேசான இனிப்பும் சூடான ஈரமும். காரம் என்று ஒன்று இருந்த அடையாளமே இல்லை. இதற்கா இத்தனை பெருமை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தபோது, அடுப்படியிலிருந்து நண்பரின் மனைவி எட்டிப் பார்த்தார். "சுருட்டுன்னா மொட்டை மாடிக்குப் போயிடுங்க அண்ணே. இதுன்னா இங்கயே குந்துங்க, வீடே மணக்குது" என்றார். எங்களுக்கு நின்றுபோன வாசனை அவருக்கு அப்போதுதான் தொடங்கியிருந்தது. கதவு திறந்திருந்ததால் படிக்கட்டில் ஏறி வந்த டீக்கடைப் பையனும் நின்று கேட்டான்: "இன்னா தலைவா, உள்ள கேக் வேவுதா?"

இந்த இடத்தில்தான் எனக்கு இரண்டுக்குமான வித்தியாசம் விளங்கியது. புகையிலைக்கு மூன்று விதமான மணம் உண்டு. பையைத் திறந்ததும் எழுவது ஒன்று, நாக்கில் விழுவது ஒன்று, அறையில் பரவுவது ஒன்று. சுருட்டில் முதலாவது அடக்கம், காய்ந்த வைக்கோல் மாதிரி ஒரு மங்கல். மூன்றாவது நாராசம். நடுவில் உள்ளதுதான் சகலமும். வாசனைப் பைப்பில் கணக்கு தலைகீழ். திறந்ததும் எழுவது அபாரம், அறையில் பரவுவது அதைவிட அபாரம், நடுவில் இருக்க வேண்டியது ஏறக்குறையக் காலி. பிடிப்பவன் மூக்கு சில நிமிடத்தில் பழகிச் சலித்துவிடுகிறது, பக்கத்து அறையில் இருப்பவருக்கோ ஒவ்வொரு இழுப்பும் புதிது. ஆக, சுருட்டு பிடிப்பவனுக்காகச் செய்யப்பட்டது. வாசனைப் புகையிலை அவன் பக்கத்தில் இருப்பவருக்காகச் செய்யப்பட்டது. அன்று எனக்குப் பிடித்துப்போனது புகையிலை அல்ல, மொட்டை மாடிக்கு விரட்டப்படாமல் கூடத்தில் உட்கார்ந்திருந்த மாலை. காரச் சுருட்டு என்னைத் தனியாளாக்குகிறது. வனிலா என்னைச் சபையில் சேர்த்தது.

புகையை இப்படி இரண்டாகப் பிரிப்பது தமிழர்களுக்குப் புதிதுமல்ல. ஒற்றியூர்த் தியாகராசர் கோயிலில் நுழைந்தால் சாம்பிராணி. அது எல்லோருக்குமான புகை. பக்தருக்கும் குருக்களுக்கும் வாசலில் பூ விற்பவருக்கும் ஒரே அளவில் போய்ச் சேரும். பெண்கள் கூந்தலுக்கு அகிற்புகை காட்டிய செய்தியைச் சங்கப் பாடல்களிலேயே பார்க்கிறோம். அதுவும் அடுத்தவர் மூக்கை உத்தேசித்ததுதான். ஆனால் சென்ட்ரலுக்குப் பக்கத்தில் பாடிகாட் முனீஸ்வரன் கோயிலுக்குப் போய்ப் பாருங்கள். புதுவண்டி வாங்கியவர்கள் பூசை போட வருகிற அந்த இடத்தில் படையலில் சாராயமும் சுருட்டும் இருக்கும். முனி காவல்காரன், ஊருக்கு வெளியே ராத்திரி முழுக்க விழித்திருப்பவன். அவனுக்குச் சாம்பிராணி போதாது, காரம் வேண்டும். அந்தச் சுருட்டின் மணம் பக்தர்களுக்குப் பிடிக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை, அது அவனுடைய சுருட்டு. வனிலாப் புகையிலையை யாராவது முனிக்குப் படைத்தார்களா என்று விசாரித்துப் பார்த்தேன். கேட்டவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

ராயபுரத்திலேயே மூன்றாவது நிலைப்பாடு ஒன்றும் உண்டு. 1910-இல் கட்டிய பார்சிகளின் நெருப்புக் கோயில் இங்கே இருக்கிறது. அங்கே எரிவது சந்தனக்கட்டை. நெருப்பு புனிதமானது, அதை எச்சில்பட்ட மூச்சால் தீட்டாக்கக் கூடாது என்பதனால் பார்சி மரபில் புகைபிடிப்பதே விலக்கு. மணம் வேண்டும், அதற்கு நெருப்பும் வேண்டும், வாய் மட்டும் கூடாது. சுருட்டா பைப்பா என்று வழக்காடுகிற நம்மைப் பார்த்து அவர்கள் சிரிக்க உரிமையுண்டு.

காரம், மணம் என்று நான் இழுக்கிற கோடு அவ்வளவு நேரானதும் அல்ல. சுருட்டுக் கட்சிக்காரர்கள் எங்களது கலப்பில்லாத இலை என்று மார்தட்டுவோம். ஆனால் நம் ஊரில் வாயில் போடும் புகையிலைக்கு வெல்லத் தண்ணீர் தெளித்துப் பதப்படுத்துகிற வழக்கம் இருக்கிறது. வெள்ளைக்காரன் சர்க்கரைப் பாகில் ஊறவைப்பதற்கும் இதற்கும் செய்முறையில் பெரிய தூரமில்லை. யாழ்ப்பாணப் புகையிலையைத் தேங்காய்மட்டைப் புகையில் போட்டுப் பக்குவமாக்குவார்கள். லட்டாக்கியாவை மரக்கட்டைப் புகையில் போடுவதும் அதே யோசனைதான். லட்டாக்கியாவை முதன்முதலில் முகர்ந்தபோது இது எங்கேயோ பழகிய நெடி என்று எனக்குப் பட்டதற்கு யாழ்ப்பாணத்துப் புகையிலைதான் காரணம். பர்மாவில் பிடிக்கும் வெள்ளைச் சுருட்டில் நறுக்கிய இலையோடு தண்டும் மரச்சீவலும் சேரும். வெல்லமும் புளியும் போட்டு மணமூட்டுவார்கள். வாய்ப்பக்கம் சோளமட்டைச் சுருள் வைத்துப் புகையைத் தணிப்பார்கள். சுருட்டின் உடம்பில் வாசனைப் புகையிலையின் குணம். பர்மாவிலிருந்து வந்தவர்களால் வடசென்னைக்கு அத்தோ, மொய்ங்கா என்ற பர்மிய நூடுல்ஸ் உணவுகள் கிடைத்தன. வியாசர்பாடியிலும் எண்ணூரிலும் குடியிருப்புகள் எழுந்தன. அந்தச் சுருட்டு மட்டும் அத்தோ அளவுக்கு இங்கே ஒட்டவில்லை. ஒட்டியிருந்தால் எங்களுக்கும் பைப் கட்சிக்கும் நடுவில் ஒரு பாலம் கிடைத்திருக்கும்.

மூக்குப்பொடியையும் சொல்லாமல் விட முடியாது. ஐரோப்பியப் பொடியில் ரோஜா, பெர்கமாட், மெந்தால் என்று அத்தர்க் கடையே இருக்கும். நம் பட்டணம் பொடியில் வறுத்த இலை, சுண்ணாம்பு, நெய். அவ்வளவுதான். வாழைச் சருகில் மடித்த பொடிமட்டையைப் பிரித்தால் நெய்வாசம் ஒரு கணம் எட்டிப்பார்க்கும், அடுத்த கணம் காரம் மண்டையைப் பிளக்கும். 1949 செப்டம்பரில் கொட்டும் மழையில் ராயபுரம் ராபின்சன் பூங்காவில் தி.மு.க.வின் தொடக்கப் பொதுக்கூட்டம் நடந்தது. அதில் பேசிய அண்ணா பொடி போடுகிறவர் என்பது ஊரறிந்த செய்தி. வெற்றிலை புகையிலையும் உண்டு. 1968-இல் உணவுக்குழாய்ப் புற்றுக்காக நியூயார்க்கில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு திரும்பினார், 1969 பிப்ரவரி 3-இல் காலமானார். ஒரு மனிதரின் நோய்க்கு ஒரே பழக்கத்தைக் காரணம் காட்டுவது மருத்துவம் ஆகாது. ஆனால் அந்த நோய்க்கும் புகையிலைக்கும் உள்ள உறவு மருத்துவ உலகில் ஐயத்துக்கு அப்பாற்பட்டது.

தீங்கு என்று வரும்போது ஒப்பீடே தேவைப்படுவதில்லை. நெஞ்சுக்குள் இழுப்பதில்லையே என்று சுருட்டுக்காரனும் பைப்காரனும் ஒரே சமாதானத்தைச் சொல்லிக்கொள்கிறார்கள். பைப் பிடிப்பவர்களின் உதட்டில் புற்று வருவதை ஜெர்மன் மருத்துவர் சோமெரிங் 1795-இலேயே எழுதிவிட்டார். ஆந்திரக் கடலோரத்தில், ஸ்ரீகாகுளம், விசாகப்பட்டினம் பக்கம், சுருட்டின் எரியும் முனையை வாய்க்குள் வைத்துப் பிடிக்கும் வழக்கம் உண்டு. பெண்களிடம் அது அதிகம். அவர்களுக்கு மேலண்ணத்தில் புற்று வருவதை மருத்துவர்கள் நெடுங்காலமாகப் பதிவு செய்திருக்கிறார்கள். ஒரு விஷயத்தில் வாசனைப் புகையிலை சுருட்டைவிட மோசம் என்றே சொல்வேன். சுருட்டின் நாற்றம் பக்கத்தில் இருப்பவரை எழுந்து போகச் செய்கிறது, அது அவருக்கு நல்லது. வனிலா அவரை இருக்கச் செய்கிறது. வீடே மணக்கிறது என்று சொன்ன அந்த அம்மாளின் மூச்சில் ஏறியது வனிலா மட்டுமா? எனக்குப் பிடித்துப்போனதன் விலையில் ஒரு பங்கை அவரும் கொடுத்துக்கொண்டிருந்தார். இதை யோசித்த பிறகு நாங்கள் அந்தப் பைப்பை மாடிக்கே எடுத்துக்கொண்டு போனோம். அதோடு அதன் சிறப்பில் பாதி போய்விட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வடசென்னையில் இதற்கு இன்னொரு கோணமும் இருக்கிறது. துறைமுகக் கிடங்கு, மணலி சுத்திகரிப்பு ஆலை, எண்ணெய்த் தொட்டிகள், ஒரு காலத்துத் தீப்பெட்டி ஆலை என்று எங்கே பார்த்தாலும் நெருப்புக்குத் தடை. வாசலிலேயே தீப்பெட்டியை வாங்கி வைத்துக்கொள்வார்கள். எட்டு மணி நேரம் புகைக்க முடியாதவன் வாயில் போடுவான், அல்லது மூக்கில் போடுவான். அதனால் வடசென்னையின் உண்மையான புகையிலை புகையாத புகையிலைதான். அங்கேயும் இதே சண்டை நடந்தது. ஒரு பக்கம் வெற்றிலையில் மடிக்கும் காரமான புகையிலை. பாட்டியும் பெரியப்பாவும் போட்டது, பழகாதவன் போட்டால் விக்கல் எடுத்து வியர்த்துப்போவான். இன்னொரு பக்கம் பொட்டலத்தில் வந்த வாசனைப் பாக்கும் குட்காவும். இனிப்பு, ஏலக்காய், குளிர்ச்சி. பழகாதவன் போட்டாலும் முதல் நாளே பிடித்துப்போகும். தமிழ்நாடு 2001-இல் குட்காவைத் தடை செய்தது. அது நீதிமன்றத்தில் நிற்கவில்லை. 2013-இல் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மறுபடி தடை வந்தது. கடைக்காரர்களுக்குத் தடை இருப்பது தெரியும், வாங்குகிறவர்களுக்கு எந்தக் கடை என்பது தெரியும்.

காரத்துக்கு ஒரு காவல் வேலை இருக்கிறது என்பதை இந்தப் பொட்டலங்கள்தான் எனக்கு உணர்த்தின. சுருட்டைப் பதினான்கு வயதுப் பையன் ஒளிந்து பிடித்தால் வாந்தி எடுத்துவிட்டு ஒரு வருஷத்துக்கு அந்தப் பக்கம் போகமாட்டான். வாசனை அந்தக் காவலைக் கழற்றிவிடுகிறது. பக்கத்தில் இருப்பவருக்காகப் போட்ட மணம் என்று பைப்பில் நான் சொன்னது, பொட்டலத்தில் புதிதாக வருகிறவனுக்காகப் போட்ட மணமாகிறது. கம்பெனிகளுக்கு இது நன்றாகத் தெரியும், சட்டம் எழுதுகிறவர்களுக்கும் தெரிந்தது. அமெரிக்கா 2009-இல் சிகரெட்டில் மெந்தால் தவிர்த்த எல்லா வாசனையையும் தடை செய்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2016-இல் சிகரெட்டுக்கும் கையால் சுருட்டும் புகையிலைக்கும் வாசனைத் தடை கொண்டுவந்து, 2020-இல் மெந்தாலையும் சேர்த்தது. இரண்டு சட்டமும் பைப் புகையிலையைத் தொடவில்லை. செர்ரியும் ரம்மும் வனிலாவும் அங்கே இன்றும் டப்பாவில் கிடைக்கின்றன. பைப் பிடிப்பவர்கள் வயதானவர்கள், எண்ணிக்கையில் சொற்பம், பிள்ளைகள் அந்தப் பக்கம் வருவதில்லை என்பதுதான் காரணம். இந்த வாசனைக்கு இனி யாரையும் புதிதாக இழுக்கும் சக்தி இல்லை என்று இரண்டு கண்டத்து அரசுகள் கொடுத்த சான்றிதழ் அது.

என் நண்பருக்கு இந்தச் செய்தியைச் சொன்னேன். அவருக்கு அது அவமானமாகப் பட்டது. "அப்ப நம்மள கணக்குலயே சேர்க்கலன்னு சொல்லு" என்றார். பைப்பைத் தட்டிச் சாம்பலைக் கொட்டினார். வாசனைப் புகையிலை பிடித்த கிண்ணத்தில் அந்த வாசனை ஊறிப்போய், அடுத்து எதைப் போட்டாலும் வனிலாவே வரும் என்பது பைப்காரர்களின் நிரந்தரப் புகார். அதனால் காரப் புகையிலைக்குத் தனிப் பைப் வைத்துக்கொள்வார்கள். எனக்கு அந்தத் தொல்லை இல்லை. கையிலிருந்த உறையூர்ச் சுருட்டை இரண்டாக வெட்டினேன், பாதியை அவரிடம் நீட்டினேன். இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு இருமினார். "இத்த எப்டிய்யா புடிக்கிற" என்றார், ஆனால் திருப்பிக் கொடுக்கவில்லை.